தவசியின் பிடி

பண்ணைப்புரம் கபடி அணியில் வலது மூலை தவசியுடையது. எதிரணிக்காரன் பாடிக்கொண்டு உள்ளே வந்து, அந்த மூலைப் பக்கம் ஒரு காலை நீட்டினால் கணுக்கால் அவன் கைக்குள் போய்விடும். அதற்கப்புறம் வந்தவன் ஊர் திரும்ப முடியாது என்று கம்பம் பள்ளத்தாக்கு முழுக்கப் பேச்சு. தவசியும் அந்தப் பேச்சை மறுத்ததில்லை. ஆட்டத்துக்கு முன் தொடையைத் தட்டிக் காட்டுவான். பிடித்தவனை, விசில் ஊதிய பிறகும் கொஞ்ச நேரம் தரையோடு அழுத்தி வைப்பான். "சேலை கட்டிக்கிட்டு வந்திருக்கலாம்ல" என்று காதில் சொல்லிவிட்டுத்தான் விடுவான். மற்ற நாட்களில் மினி லாரியில் திராட்சைப் பெட்டி ஏற்றிக்கொண்டு குமுளி வழியாகக் கேரளாவுக்குப் போய்வருகிற சாதாரண டிரைவர். கோட்டுக்குள் இறங்கிவிட்டால் தன்னை மாதிரி ஆம்பளை இந்தப் பக்கத்தில் இல்லை என்பதில் அவனுக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

அவன் கைக்குச் சிக்காத கால் ஒன்று இருந்தது. உத்தமபாளையம் அல்தாப்பின் கால்.

அல்தாப்பின் அத்தா அமானுல்லா உத்தமபாளையம் கடைத்தெருவில் அரிசிக்கடை வைத்திருந்தார். மூட்டை இறக்கி ஏற்றியே அல்தாப்புக்குத் தோள் விரிந்திருந்தது. உடம்பு அப்படி இருந்தும் அவன் ஆட்டம் கனமான ஆட்டம் இல்லை. தவசியின் கை நீளும்போது அந்தக் கால் அங்கே இருக்காது, அவ்வளவுதான். இரண்டு வருஷமாக இருவரும் எதிரெதிரே ஆடியிருக்கிறார்கள். ஆட்டம் முடிந்ததும் "மாப்ள" என்று கூப்பிட்டுக்கொண்டு டீ குடிப்பார்கள். ஆனாலும் அந்தக் கால் தவசிக்குத் தூக்கத்தில்கூட உறுத்தியது.

தொண்ணூற்றெட்டாம் வருஷத்துப் பொங்கல் ரம்ஜான் மாதத்துக்கு நடுவில் வந்தது. பண்ணைப்புரத்தில் நடந்த பொங்கல் போட்டியில் உள்ளூர் அணியும் உத்தமபாளையம் அணியும் இறுதி ஆட்டத்துக்கு வந்தன. உத்தமபாளையத்துக்காரர்களில் அல்தாப் உட்பட ஐந்து பேர் நோன்பு.

இறுதி ஆட்டத்துக்கு முந்தின நாள், அரையிறுதி முடிந்த கையோடு மைதானத்தில் வைத்தே விழாக் கமிட்டித் தலைவர் சங்கரலிங்கம் தவசியைக் கூப்பிட்டார். உரக்கடை வைத்திருப்பவர். ஊரில் எந்த விழா என்றாலும் மைக் அவர் கையில்தான்.

"நாளைக்கு மூணு மணிக்கு ஆட்டத்த வச்சுருவம் தவசி. கோப்பை குடுக்க வர்றவரு ஆறு மணிக்குத் தேனில இருக்கணும்னு சொல்லிட்டாக."

"மூணு மணி வெயில்லயாண்ணே? அவுக பாதிப் பேரு நோன்பு."

"அது நமக்கு நல்லதுதானப்பா," என்று சங்கரலிங்கம் சிரித்தார்.

தவசிக்கு அந்தச் சிரிப்புப் பிடிக்கவில்லை. இரக்கத்தால் அல்ல. அவன் யோசித்தது வேறு.

"நாளைக்கு நான் அல்தாப்பப் பிடிச்சேன்னு வைங்க. காஞ்சு கெடந்தவனத்தான் பிடிச்சான்னு நாலு பேரு சொல்லுவான். அந்தப் பேரு எனக்கு வேணாம். ஏழு மணிக்கு லைட்டு போட்டு வைங்க. அவன் நல்லாத் தின்னுட்டு வரட்டும், பிடிக்கிறேன்."

சங்கரலிங்கம் முணுமுணுத்தார். தவசி விடவில்லை. கடைசியில், "நோன்பு நோற்கும் உத்தமபாளையம் சகோதரர்களை முன்னிட்டு, நமது அணித்தலைவர் தவசி அவர்களின் பெருந்தன்மையான வேண்டுகோளின்படி" என்று மைக்கில் நீளமாக அறிவித்து, ஆட்டத்தை ஏழு மணிக்கு மாற்றினார். தவசி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றான். தான் ஒரு நல்ல காரியம் செய்துவிட்டதாகவே நினைத்தான்.

மைதானத்தின் அந்தப் பக்கத்திலிருந்து அல்தாப் நேராக அவனிடம் நடந்து வந்தான்.

"யாரு மாப்ள கேட்டா ஒங்கிட்ட?"

"என்னத்த?"

"எங்களுக்கு முடியலன்னு யாரு வந்து சொன்னா? விடியக்காலம் சாப்புட்டதுதான். கடையில மூட்டை எறக்கிட்டு வந்து, சித்த முன்னாடி ஒங்க ஊரு வெயில்லதான் செமி பைனல் ஜெயிச்சோம். எங்கள்ல எவனாச்சும் ஒக்காந்தானா?"

"நல்லதுக்குத்தான மாப்ள சொன்னேன்."

"ஒனக்கு நல்லதுன்னு சொன்ன. என்னயப் பிடிச்சேன்னு பேரு வாங்கணும், அந்தப் பேருல ஒரு கறை இருக்கக் கூடாது. அதான?"

தவசிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தன் மனதில் இருந்ததை இவ்வளவு சரியாகச் சொல்கிறவனிடம் எப்படி மறுப்பது?

அல்தாப் சிரிக்கவில்லை. "நேரத்த மாத்துறது பெரிய விசயமில்ல. மாத்துறதுக்கு முந்தி எங்கள ஒரு வார்த்த கேட்டிருக்கணும். கேக்காம, எங்க நோன்ப மைக்குல ஏலம் விட்டீக பாரு, அதுதான் எனக்கு ஒப்பல. மூணு மணிக்கே வைக்கச் சொல்லு. நீ எப்பயும் போலப் பிடி. நோன்புக்காரன்னு பிடியக் கொஞ்சம் தளத்துனேன்னு தெரிஞ்சுது, அதோட ஒனக்கும் எனக்கும் பேச்சு கெடையாது."

தவசி மறுபடி போய்ச் சங்கரலிங்கத்திடம் நின்றான். அவர் தலையில் அடித்துக்கொண்டு மைக்கை எடுத்தார்.

மறுநாள் மூன்று மணிக்கு மேற்கு மலை வெயிலில் வெளுத்துக் கிடந்தது. மைதானத்தைச் சுற்றிக் கூட்டம். மரத்தில், டிராக்டர் மேல், பள்ளிக்கூடச் சுவரில் ஆட்கள். லாரி லாரியாக உத்தமபாளையத்துக்காரர்களும் வந்திருந்தார்கள்.

பண்ணைப்புரத்துக்காகப் பாடிப் போனவன் முத்துராஜா. தவசியின் மனைவி ராமுத்தாயின் தம்பி. இருபத்தோரு வயது, அம்பு மாதிரி வேகம், அதைவிட வேகமான வாய். முதல் பாதியில் அவன் போனபோதெல்லாம் யாராவது ஒருவனைத் தொட்டுவிட்டு வந்தான். பண்ணைப்புரம் முன்னால் போய்க்கொண்டிருந்தது. அல்தாப்பும் சளைக்கவில்லை. தவசி இருமுறை பாய்ந்தான். இருமுறையும் மண்ணைத்தான் பிடித்தான்.

முதல் பாதி முடியும் தறுவாயில் அல்தாப்பை நடுவில் நின்ற மூன்று பேர் சேர்ந்து மடக்கிவிட்டார்கள். விசில் ஊதினார்கள். மேலே கிடந்தவர்கள் எழுந்தார்கள். அல்தாப் மல்லாந்து கிடந்தபடியே மூச்சு வாங்கினான். உதடு வெடித்திருந்தது.

முத்துராஜா கோட்டுக்கு வெளியே ஓடினான். அங்கே வைத்திருந்த தண்ணீர் ஜக்கை எடுத்து வந்து அல்தாப்பின் தலைமாட்டில் நின்றான்.

"தாகமா இருக்கா பாய்? ஆ காட்டு."

சொல்லிக்கொண்டே ஊற்றினான். தண்ணீர் அல்தாப்பின் வாயிலும் மூக்கிலும் விழுந்து கழுத்தில் ஓடியது. அல்தாப் உதட்டை இறுக மூடி முகத்தைத் திருப்பினான். கூட்டத்தில் ஒரு பக்கம் சிரிப்பும் சீழ்க்கையும் எழுந்தன. உத்தமபாளையம் அணியிலிருந்து இத்ரீஸ் என்பவன் பாய்ந்து வந்து முத்துராஜாவின் பனியனைப் பிடித்தான். இரண்டு பக்கமும் ஆட்கள் கோட்டைத் தாண்டினார்கள். கிடந்தவாக்கிலேயே அல்தாப் கையை நீட்டி இத்ரீஸின் காலைப் பிடித்துக்கொண்டான்.

"விடு இத்ரீஸு. ஆட்டம் இன்னும் முடியல."

நடுவர் முத்துராஜாவை எச்சரித்ததோடு விட்டார். தவசியால் விட முடியவில்லை. எத்தனையோ பேரை அவன் கேலி செய்திருக்கிறான், மண்ணில் அழுத்தியிருக்கிறான். ஆனால் இது வேறு. மூடிக்கொண்ட அந்த வாய் திரும்பத் திரும்பக் கண்ணுக்குள் வந்தது. ஆடுகளத்தில் அடிக்கிற அடிக்கு எதிரி திருப்பி அடிப்பான். இதற்கு அவன் எதை வைத்துத் திருப்பி அடிப்பான்?

"முத்துராஜாவ வெளிய எடுத்துக்கிறேன். அவன் எடத்துக்குத் தங்கபாண்டி வர்றான்," என்று நடுவரிடம் சொன்னான்.

முத்துராஜா நம்பவில்லை. "மச்சான், வெளாட்டுக்குச் செஞ்சேன்."

"வெளாடுறதுக்குத்தான் கோடு போட்டிருக்கு. அதுக்குள்ள வெளாடத் தெரியல. வெளிய ஒக்காரு."

"நான் இல்லாம ஜெயிச்சுருவீகளா?"

"தோத்தாத் தோத்துட்டுப் போறேன். ஒக்காருலே."

ஊரே பார்க்க முத்துராஜா போய் உட்கார்ந்தான். முகம் கறுத்துவிட்டது. சங்கரலிங்கம் மைக்கைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கைகளையும் விரித்தார்.

இடைவேளையில் தவசி தன் ஆட்களிடம் ஜக்கை எடுத்து மறைவில் வைக்கச் சொன்னான். தானும் குடிக்கவில்லை. வாயைத் துடைத்துக்கொண்டு வெயிலில் நின்றான். அந்தப் பக்கம் துண்டைத் தலையில் போட்டு உட்கார்ந்திருந்த அல்தாப் இதைக் கவனித்துவிட்டான்.

"ஏலே தவசி, தண்ணியக் குடி."

"வேணாம் மாப்ள."

"குடிலே. அப்புறம் தோத்துட்டு, தாகத்துல தோத்தேன்னு ஊரெல்லாம் கதை கட்டுவ."

இரண்டு அணியும் சிரித்தது. இத்ரீஸ்கூடச் சிரித்தான். தவசி வெட்கத்தோடு ஜக்கை வாங்கி, திரும்பி நிற்காமல் அங்கேயே நின்று குடித்தான்.

இரண்டாம் பாதி மோசமாகப் போனது. தங்கபாண்டி நல்ல பையன், மூச்சுத்தான் போதாது. போனான், தொடாமல் திரும்பினான். அல்லது திரும்பவே இல்லை. சேர்த்து வைத்திருந்த புள்ளிகள் ஒவ்வொன்றாகக் கரைந்தன. தவசி மூலையில் நின்று பிடித்த பிடிகளால்தான் ஆட்டம் கையில் நின்றது. இத்ரீஸை மட்டும் மூன்று தடவை மடக்கினான். அப்போது ஒன்றைக் கவனித்தான்: விசில் ஊதியதும் கையை எடுத்துவிடுகிறான். காதில் ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை. ஆட்டத்தில் அதனால் ஒரு குறையும் தெரியவில்லை.

கடைசிப் பாட்டு. பண்ணைப்புரம் ஒரு புள்ளி முன்னால். அல்தாப் நடுக்கோட்டைத் தொட்டுவிட்டு வந்தான். 'கபடி கபடி' என்ற அவன் குரல் காய்ந்த ஓலை மாதிரி உரசிக்கொண்டு வந்தது. இடதுபக்கம் போக்குக் காட்டினான். தவசி அசையவில்லை. அல்தாப் வலதுகாலை மூலைக்கு நீட்டினான்.

தவசி விழுந்தான். கணுக்கால் கைக்குள் இருந்தது.

இரண்டு வருஷம் காத்திருந்த கால். முழு பலத்தோடு இழுத்தான். தங்கபாண்டியும் வந்து அல்தாப்பின் இடுப்பில் விழுந்தான். அல்தாப் குப்புறச் சரிந்தான். ஆனால் பாட்டு நிற்கவில்லை. மண்ணைத் தின்றுகொண்டே பாடினான். இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு ஒரு முழம் நகர்ந்தான். வலது கையைத் தரையில் ஊன்றி எம்பி, தோளோடு முன்னால் எறிந்தான். எலும்பு நழுவுகிற சத்தம் தவசிக்குக் கேட்டது. அதே நேரம் அல்தாப்பின் விரல் நுனி நடுக்கோட்டில் இருந்தது.

விசில். தவசியும் தங்கபாண்டியும் வெளியே. இரண்டு புள்ளி. உத்தமபாளையம் ஜெயித்துவிட்டது.

கூச்சலோடு உள்ளே ஓடி வந்தவர்கள் அல்தாப் எழாமல் கிடப்பதைப் பார்த்து நின்றார்கள். தோள் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை.

"வேணும்னே ஒடச்சுப்புட்டான். தண்ணி ஊத்துனது ஒருத்தன், கைய ஒடிச்சது ஒருத்தன்," என்று யாரோ சொல்ல, பத்துப் பதினைந்து பேர் தவசியைச் சூழ்ந்துகொண்டார்கள். தவசி பின்வாங்கவில்லை, கையை ஓங்கவும் இல்லை. நின்றான்.

"அவன யாரும் தொடாதீக," என்றான் அல்தாப். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னதால் குரல் தணிந்துதான் வந்தது. ஆனாலும் கேட்டது. "அது சரியான பிடி. கைய எறிஞ்சது நானு. நீங்க போய்க் கோப்பைய வாங்குங்க."

தவசி அவனைத் தூக்கித் தன் மினி லாரியில் முன்சீட்டில் உட்கார வைத்தான். இத்ரீஸ் பக்கத்தில் இருந்து கையைத் தாங்கிக்கொண்டான். வண்டி கோம்பை வழியாக உத்தமபாளையம் போனது. ஒவ்வொரு பள்ளத்திலும் அல்தாப் கண்ணை மூடித் திறந்தான்.

"மாப்ள, உண்மையச் சொல்லு. பிடியக் கொறச்சியா?"

"இல்ல."

"அப்பச் சரி."

கொஞ்ச தூரம் போனதும் தவசி, "அந்தப் பய செஞ்சதுக்கு நான்…" என்று ஆரம்பித்தான்.

"அவன் செஞ்சத அவன்கிட்டக் கேட்டுக்கிறேன். நீ ரோட்டப் பாரு."

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா தோளை இழுத்துப் பொருத்தினார். இத்ரீஸ் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். கட்டுப் போட்டு முடித்துவிட்டு, "இந்த மாத்திரையை இப்பவே போடணும். நிறையத் தண்ணியும் குடிக்கணும். உடம்பு ரொம்ப வறண்டு போயிருக்கு," என்றார்.

"நோன்பு தொறந்ததும் போட்டுக்கிறேன் டாக்டர்."

"இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல இருக்கே."

"தாங்கிக்கிருவேன்."

அந்த நேரத்தில் அமானுல்லா வந்து சேர்ந்தார். சட்டையில் அரிசித் தூசி அப்படியே இருந்தது. தவசி எழுந்து நின்றான். எது சொன்னாலும் கேட்டுக்கொள்ளலாம் என்று தயாராக இருந்தான். அவர் அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு மகனிடம் போனார். டாக்டரம்மா சொன்னதைக் கேட்டுக்கொண்டார்.

"மாத்திரையப் போடு."

"முடியும்த்தா."

"ஒனக்கு முடியும்னு ஊருக்கே தெரிஞ்சு போச்சு. சொகமில்லாதவன் விட்டுட்டு, பின்னால ஒரு நாள் வச்சுக்கிறச் சொல்லியிருக்குல்ல? அப்புறம் என்னா. வீம்புக்கு இருந்தா அது பட்டினிதான். நோன்பு இல்ல."

அல்தாப் மாத்திரையைப் பார்த்தான். கண் ஒருமுறை தவசி பக்கம் போய் வந்தது. அவனுக்குச் சங்கடமாக இருக்கும் என்று தவசி கதவுப் பக்கம் நகர்ந்தான்.

"எங்கன போற? இங்கனயே நில்லு. நான் என்ன திருடியா திங்கிறேன்?"

அல்தாப் இடது கையால் மாத்திரையை வாங்கிப் போட்டு, சொம்புத் தண்ணீரையும் குடித்து முடித்தான். தவசி பார்த்துக்கொண்டே நின்றான். நேற்று யாரிடமிருந்தும் ஒரு நாழிகைச் சலுகைகூட வாங்க மாட்டேன் என்றவன், இன்று தலையைத் தாழ்த்தாமல் இதை வாங்கிக்கொள்கிறான். இரண்டும் ஒரே ஆள்தான். எங்கே பிடிக்க வேண்டும், எங்கே விட வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. தவசிக்கு இதுவரை பிடிக்க மட்டுமே தெரியும்.

ஊருக்குத் திரும்பியபோது மைதானத்தில் இன்னும் ஆட்கள் நின்றிருந்தார்கள். சங்கரலிங்கம் வண்டியை நிறுத்தச் சொன்னார்.

"வீட்டுக் கோப்பையத் தூக்கி வெளியூருக்குக் குடுத்துட்டயேப்பா. மச்சினன ஒக்கார வச்ச. எதிராளிய வண்டில ஏத்திக்கிட்டுப் போன. ஆம்பள செய்யிற வேலையா இது?"

தவசி வண்டியை விட்டு இறங்கினான்.

"கீழ கெடக்கிறவன் மூஞ்சில தண்ணி ஊத்துறவன்தான் ஆம்பளன்னா, அந்தப் பேர நீங்க வேற யாருக்காச்சும் குடுத்துக்கங்கண்ணே. எனக்குப் பிடிக்கத் தெரியும். இன்னைக்குப் பிடிச்சேன். அவன் அதையும் மீறிக் கோட்டத் தொட்டான், ஜெயிச்சான். அடுத்த வருசம் மறுபடி பிடிப்பேன். டீமுல நான் வேணாம்னா இப்பவே சொல்லிருங்க."

வலது மூலைக்கு வேறு ஆள் கிடையாது என்று எல்லோருக்கும் தெரியும், தவசிக்கும் தெரியும்.

வீட்டில் ராமுத்தாய் சோறு போட்டு வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"எந்தம்பிய ஊருக்கு முன்னால ஒக்கார வச்சீகளாம்."

"ஆமா."

"என்னா செஞ்சான்?"

ஒன்றும் விடாமல் சொன்னான். அவள் கேட்டுக்கொண்டாள்.

"வெளிய எடுத்தது சரிதான். நான் இருந்திருந்தா செவுட்டுலயே வச்சிருப்பேன். ஆனா ஒண்ணு கேக்குறேன். பிடிபட்டவன் காதுல சேலை கட்டிக்கிட்டு வாடான்னு சொல்றது யாரு? அதப் பாத்துக் கை தட்டித்தான அவன் வளந்தான்? நீங்க வாயால ஊத்துனீக. அவன் ஜக்குல ஊத்துனான்."

தவசி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

காலையில் மாமனார் வீட்டுக்குப் போனான். முத்துராஜா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான்.

"ஒன்னய எடுத்தது எடுத்ததுதான். அதுல மாத்தமில்ல. ஆனா அந்தப் புத்தி ஒனக்கு எங்கன இருந்து வந்துச்சுன்னு ஒங்க அக்கா கேட்டா. எங்கிட்ட இருந்துதான். நான் நிறுத்திட்டேன். நீயும் நிறுத்து."

முத்துராஜா திரும்பிப் பார்க்கவில்லை. "ஒங்க டீமுக்கு இனி வரல மச்சான். ஜெயமங்கலத்துல கூப்புட்டுருக்காக," என்றான்.

"போ. நல்ல டீமுதான். ஆனா என் மூலைக்கு வந்தா விடமாட்டேன்."

ஆடி மாதத்தில் தேனி அல்லிநகரத்தில் மாவட்ட அணிக்குத் தேர்வு வைத்தார்கள். பள்ளத்தாக்கிலிருந்து நாற்பது ஐம்பது பேர் வந்திருந்தார்கள். அல்தாப்பின் தோள் தேறிவிட்டது. பயிற்சியாளர் தவசியை மூலையிலும் அல்தாப்பை அவனுக்கு அடுத்தும் நிறுத்தி, கை கோத்துக்கொள்ளச் சொன்னார். இத்தனை வருஷத்தில் அந்தக் கையை அவன் இப்படிப் பிடித்ததில்லை.

"இந்தப் பக்கத் தோளுதான். பாத்துப் பிடி," என்றான் அல்தாப்.

"வலிக்குதா?"

"மழை வந்தா மட்டும். ஒன் மச்சினன் நோம்புப் பெருநாள் கழிஞ்சு கடைக்கு வந்தான், தெரியுமா?"

தவசிக்குத் தெரியாது. "மன்னிப்புக் கேட்டானா?"

"அந்த வாயில அதெல்லாம் வருமா? ஒரு மூட்டை அரிசி கேட்டான். நான் ஒத்தக் கையால தூக்கப் போனேன். வெடுக்குன்னு பிடுங்கித் தானே தோளுல வச்சுக்கிட்டான். அப்புறம் அங்கன எறக்க வேண்டிய மூட்டை பூராத்தையும் எறக்கிப் போட்டுட்டுத்தான் போனான். ஒரு வார்த்த பேசல. அத்தா டீ வாங்கிக் குடுத்தாக, குடிச்சான்."

"நீ என்ன சொன்ன?"

"அடுத்த தடவ தண்ணி ஊத்துனா கைய முறிச்சுருவேன்னு சொன்னேன். சரின்னான்."

பயிற்சியாளர் விசில் ஊதினார். எதிர்ப் பக்கத்திலிருந்து முதல் ஆளாக ஜெயமங்கலத்துப் பனியனில் முத்துராஜா வந்தான். நடுக்கோட்டைத் தொட்டான். இரண்டு பேரையும் பார்த்தான். வாயில் கபடியைத் தவிர வேறு சொல் இல்லை. அவன் வேகம் இன்னும் கூடியிருந்தது. இடதுபக்கம் ஒருவனைத் தொட்டுவிட்டு, துணிச்சலாக வலது மூலைக்குத் திரும்பினான்.

"வர்றான்," என்றான் அல்தாப்.

"வரட்டும்," என்றான் தவசி, கையை இறுக்கிக்கொண்டு.